134 சதவீத வாத்தியார்

பே ஏரியாவில் தமிழர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், தட்டில் இரண்டாவது இட்லி விழுவதற்குள் கேள்வி வந்துவிடும். "நீங்க எந்தக் கம்பெனி?" கம்பெனி இல்லை, காலேஜ் என்பேன். கேட்டவர் முகம் மலரும். ஸ்டான்ஃபோர்டா, பெர்க்லியா என்று அவராகவே என்னை ஏற்றி உட்கார வைப்பார். கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்லி நானாகவே இறங்கிவிடுவேன். "ஓ, கம்ப்யூட்டர் சயன்ஸா?" இல்லை, இங்கிலீஷ். இங்கே பேச்சு சற்று தடுக்கும். சாம்பார் வாளி வந்து காப்பாற்றினால் உண்டு. வராவிட்டால், "யாருக்கு?" என்பார். அமெரிக்காக்காரர்களுக்குத்தான் என்பேன். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவனைப் பார்க்கிற பார்வை ஒன்றைப் பார்த்துவிட்டு, கேசரி இருக்கும் பக்கமாக நகர்ந்துவிடுவார்.

வெளியாளையாவது கேசரி அழைத்துப் போய்விடும். மாமியாருக்கு விளக்குவதுதான் பெரும்பாடு. அத்தை கோவில்பட்டியிலிருந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறார். வந்த வாரமே கேட்டுவிட்டார்: "மாப்பிள்ளை, அவங்க பொறந்ததுலருந்து இங்கிலீஷ்தான பேசுதாங்க. நீங்க போயி என்னத்தச் சொல்லிக் குடுக்கீங்க?"

நியாயமான கேள்வி. எனக்கு நியாயமான கேள்விகள் பிடிக்காது, பதில் நீண்டுவிடும். 1874ல் ஹார்வர்ட் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னார்கள் என்று ஆரம்பித்தேன். பெரிய பள்ளிகளில் படித்த பணக்கார வீட்டுப் பையன்கள் எழுதியதைப் படித்து வாத்தியார்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். 1885ல் அதற்கென்றே 'இங்கிலீஷ் ஏ' என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. நர்ஸ் ஆகிறவரோ கணக்கர் ஆகிறவரோ, காம்போசிஷன் என்கிற இந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் பட்டப் படிப்புக்குப் போக முடியும். சாவடியில் சீட்டுக் கிழிக்கிறவன் நான். அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மகளிடம் ஒரே வரியில் சுருக்கினார்: "ஃபெயிலான பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்காக."

கம்யூனிட்டி காலேஜ் என்பதே அத்தைக்குப் பிடிபடவில்லை. மார்க் கேட்காமல் சேர்த்துக்கொள்கிற காலேஜ் கோவில்பட்டிப் பக்கம் கிடையாதே. 1901ல் இல்லினாயில் ஜோலியட் என்ற ஊரில் ஆறே ஆறு மாணவர்களோடு ஆரம்பித்த ஏற்பாடு இது. ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த கமிஷன் ஊருக்கு ஊர் இப்படி ஒன்று வேண்டும் என்று 1947ல் சொன்னது. இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 காலேஜ்கள், சுமார் 20 லட்சம் பேர். உள்ளூர்வாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். பதினெட்டு வயதான யாரும் வரலாம். வருகிறார்கள். முன்பெல்லாம் ஒரு தேர்வு வைத்து, தேறாதவர்களை அடிப்படை வகுப்புகளில் உட்கார வைப்பார்கள். அந்த வகுப்புகளிலேயே அலுத்துப்போய்க் காணாமல் போனவர்கள் ஏராளம். 2017ல் ஏபி 705 என்று ஒரு சட்டம் வந்து அதை மாற்றியது. எல்லோரும் நேராகக் கல்லூரித் தரக் கட்டுரைக்கே. ஆகையால் என் வகுப்பில் பள்ளியிலேயே ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்த பெண்ணுக்குப் பக்கத்தில் போன வருஷம் காபூலிலிருந்து வந்தவர் உட்கார்ந்திருப்பார். சட்டம் நல்ல சட்டம்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிகிற மாதிரிப் பேசுவது எப்படி என்பதை மட்டும் சட்டமன்றம் என் பொறுப்பில் விட்டுவிட்டது.

இனி என் பதவி. நான் அட்ஜங்க்ட், அதாவது பகுதிநேரம். ஒரு கல்லூரி டிஸ்ட்ரிக்டில் பகுதிநேர வாத்தியாருக்கு முழுநேர வேலையில் 67 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது மாநிலச் சட்டம். முன்பு 60 ஆக இருந்தது. 2009லிருந்து மனமிரங்கி 67 ஆக்கினார்கள். அதைத் தாண்டினால் ஆள் நிரந்தரம் கேட்டுவிடுவான் என்கிற முன்ஜாக்கிரதை. மீதிக்கு என்ன செய்வது? அடுத்த டிஸ்ட்ரிக்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கும் 67. ஆக நான் 134 சதவீத வாத்தியார், நிரந்தரம் பூஜ்யம். எங்கள் ஜாதிக்கு இங்கே 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்று பெயர். காலையில் வளைகுடாவுக்கு இந்தப் பக்கம், சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கம். என் அலுவலகம் என்னுடைய டொயோட்டாவின் டிக்கி. அதில் ஒரு கல்லூரியின் பேப்பர் இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம், நடுவில் அத்தை கட்டிக்கொடுத்த புளியோதரை. பிரேக் பிடித்தால் மூன்றும் கலந்துவிடும். மலைப்பக்கத்து மாணவர் ஒருவருக்கு நான் திருப்பிக்கொடுத்த கட்டுரையில் கடுகு ஒட்டியிருந்தது. அதை ஏதோ மதிப்பீட்டுக் குறி என்று நினைத்து, அதற்கு எத்தனை மார்க் என்று கேட்டார்.

மருத்துவக் காப்பீடு மனைவியின் கம்பெனி உபயம். அந்தப் படிவத்தில் நான், என் மகள், இருவரும் 'டிபென்டென்ட்'. மகளுக்கு 26 வயதானால் அதிலிருந்து விடுதலை. எனக்கு அப்படி வயது வரம்பு எதுவும் போடவில்லை.

என் கௌரவத்தைத் தூக்கி நிறுத்த ஒரே ஓர் அஸ்திரம் வைத்திருந்தேன். ஜில் பைடன். கணவர் துணை ஜனாதிபதி ஆன 2009லிருந்து வடக்கு வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜில் இதே காம்போசிஷனைத்தான் அந்த அம்மா சொல்லிக்கொடுத்தார். ஜனாதிபதியின் மனைவியாகி வெள்ளை மாளிகைக்குப் போன பிறகும் விடவில்லை. 2024 கடைசி வரை வகுப்பெடுத்தார். அரசாங்க விமானத்தில் உட்கார்ந்து பேப்பர் திருத்தினார் என்று பத்திரிகைகளில் வந்தது. இதை ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது, மனைவியும் இருக்கும் நேரம் பார்த்து, அத்தையிடம் சொன்னேன். "ஜனாதிபதி சம்சாரமே இந்த வேலைதான் பாத்தாங்க, அத்தை."

அத்தை ரசம் ஊற்றியபடியே சொன்னார்: "அந்தம்மாவுக்கென்ன மாப்பிள்ளை, வீட்டுக்காரரு சம்பாத்தியம் இருக்கு. செய்யலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கும் அப்படித்தான்" என்று சேர்த்துக்கொண்டார். மனைவிக்குப் புரையேறியது.

வகுப்பில் மட்டும் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மரியாதை எனக்கு வருவதில்லை. நம் ஊரில் எனக்கிருந்த ஓர் எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து, அமெரிக்காவில் என் குடும்பப் பெயராகிவிட்டது. மாணவர்கள் கூப்பிடுவது "புரொஃபசர் சுப்பையா" என்று. எங்கள் அப்பா சங்கரன்கோவிலில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் தவறி, அதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர். இன்று கலிபோர்னியாவில் இரண்டு டிஸ்ட்ரிக்டுகளில் அவர் ஆங்கிலப் பேராசிரியர். ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பகுதியிலும், எம்.எல்.ஏ. முறைப்படி, மாணவர் பெயருக்குக் கீழே அவர் பெயர் அச்சாகி வருகிறது. சில பேர் 'சுபையா' என்று எழுதுவார்கள், சில பேர் 'சப்பாயா' என்று. ஒரு பையன் செமஸ்டர் முழுக்க 'சுஷி' வரைக்கும் போய்விட்டான். (எம்.எல்.ஏ. என்றதும் சட்டமன்ற உறுப்பினரை நினைக்க வேண்டாம். 1883ல் தொடங்கிய ஒரு மொழிச் சங்கம் அது. மேற்கோள் காட்டுவதற்கு அவர்கள் போட்ட விதிகளை 2021ல் ஒன்பதாம் பதிப்பாக வெளியிட்டிருக்கிறார்கள். காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்று இப்படிக் கறாராக நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கூடப் பார்க்கமாட்டார்.)

இலக்கியம் படிக்க ஆசைப்பட்டுத்தான் எம்.ஏ. இங்கிலீஷ் எடுத்தேன். ஆனால் இந்தத் தொழிலில் இலக்கியம் பாயசம் மாதிரி, பந்தி முடிகிற நேரத்தில் ஒரு கரண்டி. சோறு என்பது பேப்பர் திருத்துவது. வகுப்புக்கு முப்பது பேர், ஆளுக்கு நான்கு கட்டுரை, நான்கு வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 480. ஒன்றுக்கு இருபது நிமிஷம் போட்டால் 160 மணி நேரம். இந்தக் கணக்கை மனைவியிடம் சொன்னபோது அவள் மனசுக்குள்ளேயே வகுத்துப் பார்த்து, என் சம்பளம் மணிக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்தாள். அந்தத் தொகையை என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குக் காப்பி மட்டும் அவளே போட்டுக் கொண்டுவந்தாள்.

நம் பள்ளிக்கூடங்களில் ஒரு பழைய கதை உண்டு. தென்னை மரத்தை மட்டும் உருப்போட்டவன், பசுவைப் பற்றி எழுதச் சொன்னதும் பசுவைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தில் கட்டுவான். அவன் குடும்பம் கலிபோர்னியாவில் தழைத்திருக்கிறது. இப்போதைய தென்னை மரம் சமூக ஊடகம். பருவநிலையைக் கேட்டாலும், வீட்டு வாடகையைக் கேட்டாலும், ஹேம்லெட்டைக் கேட்டாலும் மூன்றாவது பத்தியில் இன்ஸ்டாகிராமில் கட்டிவிடுவார்கள். ஷெர்லி ஜாக்சனின் 'த லாட்டரி' கதையை ஒருமுறை படிக்கக் கொடுத்தேன். 1948ல் நியூயார்க்கர் பத்திரிகையில் வந்தபோது முன்னூறுக்கு மேல் கடிதங்கள் குவிந்த கதை. ஒரு கிராமம் கூடிச் சீட்டுக் குலுக்கும். சீட்டு விழுந்தவரை ஊரே கல்லால் அடித்துக் கொல்லும். தலைப்போடு நிறுத்திக்கொண்ட ஒரு மாணவர் அழகான கட்டுரை தந்தார். திடீர்ப் பணம் குடும்பங்களைச் சிதைக்கிறது. ஆகவே சீட்டு விழுந்த டெஸ்ஸி ஹட்சின்சன் முதல் வேலையாக ஒரு நல்ல நிதி ஆலோசகரைப் பார்த்திருக்க வேண்டும். தீசிஸ் இருந்தது, ஆதாரம் இருந்தது, பத்திகள் ஒன்றோடொன்று கைகோத்திருந்தன. கதையின்படி அந்த அம்மாளுக்கு ஆலோசகரைப் பார்க்க அவகாசம் இல்லை என்று ஓரத்தில் எழுதினேன்.

அதெல்லாம் பொற்காலம். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதுவரை பிழையைக் கண்டால் பல்லைக் கடிப்பேன். இப்போது முப்பது கட்டுரையும் சலவைக்காரர் வீட்டிலிருந்து வந்த மாதிரி ஒரே மடிப்பில் வருகின்றன. நடுவில் எங்காவது ஒருமை பன்மை மயங்கினால், எதிரே மனிதர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. நேற்று ஒரு பெண் காற்புள்ளியால் இரண்டு வாக்கியங்களை ஒட்டியிருந்தாள். சிவப்பு மை வைக்க மனசே வரவில்லை.

கண்டுபிடிக்கிற கருவிகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. அவை வேற்றுமொழிக்காரர்களின் ஆங்கிலத்தைத் தப்பாகப் பிடிக்கின்றன என்று ஸ்டான்ஃபோர்டில் 2023ல் ஆராய்ந்து காட்டினார்கள். டோஃபல் தேர்வுக்கு மனிதர்களே எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் எந்திரம் எழுதியது என்று சொல்லிவிட்டனவாம். இதைப் படித்த என் மகள், நான் மாணவர்களுக்காக ராத்திரி பகலாக எழுதிய பாடத்திட்டத்தை அப்படி ஒரு கருவியில் போட்டுப் பார்த்தாள். முழுக்கச் சிவப்பு. "அப்பா, உங்களை எந்திரம்னு சொல்லுது." ரென் அண்ட் மார்ட்டினை அட்டையிலிருந்து அட்டை வரை உருப்போட்டுக் கற்ற ஆங்கிலம் அது. சந்தேகம் வந்து, கல்யாணத்துக்கு முன் அவள் அம்மாவுக்கு நான் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்றை எடுத்துத் தட்டச்சு செய்து போட்டாள். அதுவும் சிவப்பு. மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றாள்.

இதற்கு நடுவே பேய் மாணவர்கள் வேறு. கல்வி உதவித்தொகையைச் சுருட்டுவதற்காகப் போலிப் பெயர்களில் ஆன்லைன் வகுப்பில் சேர்கிற கும்பல்கள் கலிபோர்னியா முழுக்க உண்டு. பெல் கிராண்ட் என்கிற மத்திய அரசு உதவி வருஷத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர். திருடனுக்கு ஆசை வரத்தானே செய்யும். முதல் வாரம் வகுப்பு நிரம்பி வழியும். இவர்களில் யார் மனிதர் என்று வாத்தியார்தான் சலித்தெடுக்க வேண்டும். எல்லோரும் தங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள் என்றேன். பேய்கள் அன்று ராத்திரியே எழுதிவிட்டன, பிழையில்லாமல், என் உடல்நலத்தையும் விசாரித்து. மனிதர்களிடமிருந்து இன்னும் வரவில்லை.

பாயசத்துக்கு வருகிறேன். ஜமைக்கா கின்கெய்ட் 1978ல் எழுதிய 'கேர்ள்'. ஆன்டிகுவா தீவில் பிறந்த எழுத்தாளர் அவர். கதை இரண்டு மூன்று பக்கம்தான், ஆனால் மொத்தமும் ஒரே வாக்கியம். ஓர் அம்மா மகளுக்குச் சொல்கிற உத்தரவுகள்: எந்தத் துணியை எந்தக் கிழமை துவைப்பது, எப்படிக் காயப்போடுவது, எப்படிப் பெருக்குவது, எப்படிச் சிரிப்பது. மகள் இரண்டே இடத்தில் வாயைத் திறக்கிறாள். முற்றுப்புள்ளி கிடையாது; அரைப்புள்ளிகளாகவே ஓடி ஒரு கேள்விக்குறியில் போய் நிற்கும். படித்து முடித்ததும் பின்வரிசைப் பையன் கை தூக்கினான். "புரொஃபசர் சுப்பையா, நான் இப்படி நீளமா எழுதினதுக்கு மார்க் குறைச்சீங்களே, இந்த அம்மாவுக்கு எவ்வளவு போடுவீங்க?" வடிவமும் உள்ளடக்கமும் என்று நான் ஏதோ சுற்றிவளைத்தேன். முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிற மெக்சிகோக்காரப் பெண்மணி ஒருவர் குறுக்கிட்டார். "அந்த அம்மா திட்டல. அவளுக்கு நேரமில்ல. வேலைக்குக் கிளம்பற அவசரத்துல எல்லாத்தையும் ஒரே மூச்சில சொல்லியாகணும். நான் என் பொண்ணுகிட்ட போன்ல இப்படித்தான் பேசறேன்." மறுநாள் மலைப்பக்கத்து வகுப்பில், வடிவம் உள்ளடக்கம் எல்லாவற்றையும் டிக்கியிலேயே விட்டுவிட்டு, அந்தப் பெண்மணி சொன்னதைச் சொன்னேன். என் வகுப்பில் முதன்முறையாக எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கதையை அத்தைக்கும் சொன்னேன். ரசனை எப்படி என்று பார்க்கிற வாத்தியார் புத்தி. கேட்டுவிட்டு அத்தை பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். "துணிய வெயில்ல, கொடியிலதான காயப்போடச் சொல்லுதா? பாத்தீங்களா மாப்பிள்ளை, அந்தத் தீவுல கூடக் கொடி இருக்கு." மறுநாள் காலை எங்கள் வீட்டின் கையகலப் பின்கட்டில் நைலான் கொடி ஏறியது. சுங்குடிச் சேலை மூன்று, பாவாடை இரண்டு, என்னுடைய வேட்டி ஒன்று.

அந்த வாரமே குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. வளாகத்தின் தோற்றப் பொலிவுக்கு இடையூறாம். பத்து நாளில் அகற்றாவிட்டால் அபராதமாம். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். என் குடும்பத்துக்கு என் படிப்பு தேவைப்பட்ட முதல் சந்தர்ப்பம். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். வாசகரை ஈர்க்கும் தொடக்கம், தெளிவான தீசிஸ், சூரிய ஒளியின் சிக்கனம், மனித நாகரிகத்தில் துணிக்கொடியின் இடம், எதிர்த்தரப்பின் அழகுணர்ச்சியை மதித்து ஒரு பத்தி, அதை மறுத்து ஒரு பத்தி, கடைசியில் மேற்கோள் பட்டியல், இரண்டாம் வரி அரை அங்குலம் உள்தள்ளி. நான்கு பக்கம்.

அச்செடுக்க மனைவியின் அறைக்குக் கொண்டுபோனேன். அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள், கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். "ஏங்க, இத நான் பாத்துக்கறேன்" என்றாள். ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவில் இரண்டு வரி மெயில் போட்டாள். 2015ல் நிறைவேறிய ஏபி 1448, சிவில் கோட் பிரிவு 4750.10ன்படி சொந்தப் பின்கட்டில் துணிக்கொடி கட்டலாம். நோட்டீஸை வாபஸ் வாங்கியதாக உறுதிப்படுத்தவும். சாயங்காலமே பதில் வந்தது, மன்னிப்போடு. அந்த இரண்டு வரியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். தொடக்கம் இல்லை, எதிர்வாதம் இல்லை, முடிவுரை இல்லை. என் வகுப்பில் 'சி' கிடைத்தால் பெரிது.

வெற்றி ருசி கண்ட அத்தை மறுவாரம் என் பழைய வேட்டியைப் பின்கட்டில் விரித்து, அதன்மேல் கூழ்வத்தல் பிழிந்தார். பிறகு ஒரு தட்டில் மிளகாய், இன்னொரு தட்டில் சுண்டைக்காய். பக்கத்து வீட்டு ஜன்னல் திரை விலகி மூடியது. இந்த முறை சட்டம் நம் பக்கம் இல்லை அத்தை என்று எடுத்துச் சொன்னேன். சட்டத்தில் இருப்பது துணி காயப்போடுவதைப் பற்றி. வத்தலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

"வேட்டி துணிதான மாப்பிள்ளை?"

"துணிதான்."

"நான் வேட்டியத்தான காயப்போட்டிருக்கேன். வத்தல் அது மேல இருக்கு. அவ்வளவுதான?"

இந்த செமஸ்டரில் நான் கேட்ட மிக உறுதியான வாதம். உடனே எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன்.

"நீங்க இருங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை. "அவ மீட்டிங் முடிச்சிட்டு வரட்டும்."